செத்த மாட்டை எங்கே போடுவது?

கேள்வி: நேற்று மாலை வரை நன்றாகத் தீனி தின்ற பசு, விடிந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, மூக்கில் கறுப்பாக ரத்தம். கெடிலம் ஆற்றில் இழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார்கள். தோலை உரித்தால் கொஞ்சம் காசாவது மிஞ்சும் என்கிறார் மாட்டுக்காரர். எது சரி?
- வாசகி, பண்ருட்டி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. இது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகும், அதுவரை அடைப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடலை அறுக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் கிருமி அழுகலிலேயே பெரும்பாலும் அழிந்துவிடும். கத்தி பட்டு ரத்தம் காற்றைப் பார்த்ததோ, அந்தக் கிருமி ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல வருஷம் கிடக்கும், அங்கே மேய்கிற ஆடு மாட்டுக்கும் வரும், உரித்தவர் கைக்கும் வரும். கையில் முதலில் கொப்புளம், அப்புறம் நடுவில் கறுத்த புண். வலிக்காது, அதனாலேயே ஆள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்.

நோயில் செத்தது என்று தெரிந்தே ஆற்றிலோ ஏரியிலோ போடுவது, 2009-இல் வந்த கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குற்றம். சட்டம் சரி, புதைக்க இடம்? ஊருக்கு ஊர் ஒரு பொது இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காமல், ஜேசிபிக்கு யார் காசு கொடுப்பது என்று மாடு நாறும்போது சண்டை போட்டால் அது ஆற்றுக்குத்தான் போகும். இதைக் கிராம சபையில் கேளுங்கள்.

இப்போதைக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ போன் போடுங்கள். டாக்டர் வரும்வரை நாய், காக்கை அண்டாமல் ஒருவர் காவல் இருக்கட்டும். தரையில் இழுக்க வேண்டாம், ரத்தம் வழியெல்லாம் சிந்தும். அடைப்பான் என்றால் எரிப்பதே நல்லது. முடியாவிட்டால் ஆறடிக்குக் குறையாத குழி வேண்டும், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி. கடலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் நாலடியிலேயே தண்ணீர் ஊறுகிற இடங்கள் உண்டு, அங்கே புதைக்காதீர்கள். ரத்தம் சிந்திய மண்ணையும் சுரண்டி உள்ளே போட வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் காது வில்லைக்காக நீங்களே காதை அறுக்காதீர்கள். எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: வளர்ப்புக் கோழிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. குப்பை வண்டியில் போடலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கூடாது, கறிக்கும் கூடாது. வெள்ளைக்கழிச்சலா பறவைக் காய்ச்சலா என்பது பார்வையில் பிடிபடாது, மாதிரி போபால் ஆய்வகம் வரை போக வேண்டியிருக்கலாம். கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், மிச்சக் கோழிகளை அவசரமாக விற்கவும் செய்யாதீர்கள்.