டி அண்ட் டி 2024 புத்தகங்களுக்கு இப்போதே மாற வேண்டுமா? துணைப் புத்தகங்களில் எதை வாங்கலாம்?

ஐந்து பேர் டி அண்ட் டியை (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) 2014 விதிகளில் ஆடுகிறோம், கேம்பெய்ன் (பல வாரம் தொடரும் ஒரே கதை) பாதி ஓடிவிட்டது, ஒருவர் மட்டும் 2024 புத்தகம் வாங்கிவிட்டார், மற்றவர்களும் வாங்கி மாறிவிடலாமா, கூடவே துணைப் புத்தகங்களும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். ஓடுகிற கேம்பெய்னை ஆரம்பித்த விதியிலேயே முடியுங்கள். அடுத்ததைத் தொடங்கும்போது எல்லாரும் ஒன்றாக மாறுங்கள். நடுவில் ஆளுக்கொரு பதிப்பை வைத்துக்கொண்டு ஆடுவதுதான் மோசம்.

"பழைய புத்தகங்களோடு ஒத்துப்போகும் என்று நிறுவனமே சொல்கிறதே" என்பீர்கள். சொல்கிறது, அது பொய்யும் இல்லை. டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் இதை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவில்லை, ஐந்தாம் பதிப்பின் திருத்தம் என்றுதான் வெளியிட்டது. கதைப் புத்தகங்களைப் பொறுத்தவரை ஒத்துப்போகவும் செய்கிறது. 2016இல் வந்த கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் உங்களிடம் இருந்தால் புது விதியில் தாராளமாக ஓட்டலாம். இடிப்பது கேரக்டர் ஷீட்டில், அதாவது அவரவர் பாத்திரத்தின் திறன்களை எழுதி வைக்கும் தாளில்.

எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியில் ஒரு நண்பன் வீட்டில் கூடும். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாலடின் (புனித வீரன்) ஆடுகிறவனிடம் பழைய புத்தகம், ஃபைட்டர் (போர்வீரன்) ஆடுகிறவனிடம் புதுசு. பாலடின் ஒரு ட்ரோலை ஒரே டர்னில் இரண்டு முறை அடித்தான், இரண்டு அடியிலும் டிவைன் ஸ்மைட் என்ற கூடுதல் சேதம் தரும் சக்தியைச் சேர்த்து ஒரு கை நிறைய டைஸை அள்ளினான். எதிரே இருந்த ஃபைட்டர், "மச்சி, ஸ்மைட் இப்போ ஸ்பெல்லுடா. போனஸ் ஆக்‌ஷன் போகும், ஒரு டர்னுக்கு ஒண்ணுதான்" என்றான். "அது உன் புக்குல. என் புக்குல அப்படி இல்ல." இரண்டு பேர் சொன்னதும் சரி! 2014இல் ஸ்மைட்டுக்கு எந்த ஆக்‌ஷனும் செலவாகாது, ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் கையிருப்பு) இருக்கிற வரை ஒவ்வொரு அடிக்கும் போடலாம். 2024இல் அதைச் சுருக்கி, ஒரு டர்னில் ஒரே முறை கிடைக்கும் போனஸ் ஆக்ஷனைச் செலவாக்கும் ஸ்பெல்லாக ஆக்கிவிட்டார்கள். ட்ரோல் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

அது முடிந்தால் அடுத்தது. க்யூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் போட்டால் ஒரு டி8 (எட்டு பக்க டைஸ்) உருட்டுவதா, இரண்டா? பழையதில் ஒன்று, புதியதில் இரண்டு. போஷன் குடிக்க முழு ஆக்‌ஷன் போகுமா, போனஸ் ஆக்‌ஷன் போதுமா? மறைந்திருந்து தாக்கினால் எதிரிக்கு முதல் சுற்றே கிடையாதா, அல்லது இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்பதற்கான உருட்டல்) உருட்டும்போது மட்டும் டிஸ்அட்வான்டேஜா (இரண்டு உருட்டிக் குறைந்ததை எடுப்பது)? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம். ஆனால் பெயர்கள் அப்படியே இருந்து விதி மட்டும் மாறியிருப்பதால் சந்தேகமே வராது. அவரவர் தனக்குத் தெரிந்ததை நிச்சயமாகச் சொல்வார்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம்தான் (டன்ஜன் மாஸ்டர்) இரண்டு புத்தகத்தையும் தலையில் சுமக்க வேண்டும்.

தாயம் ஆடிய வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சண்டைதான். மூன்று முறை தொடர்ந்து தாயம் விழுந்தால் செல்லாது என்பார் ஒரு பாட்டி, அதெல்லாம் செல்லும் என்பார் சம்பந்தி வீட்டுப் பாட்டி. யார் வீட்டுத் திண்ணையோ அவர்கள் விதி என்று காய் வைப்பதற்கு முன்பே பேசிவிட்டால் தகராறு இல்லை.

புதுப் பதிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் எனக்கு அது பிடித்திருக்கிறது. களைப்பு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அது ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் வேறு தண்டனை, ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்ட வேண்டும். இப்போது ஒரு படிக்கு டி20 உருட்டலில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும், ஆறாவது படியில் சாவு. பாலைவனப் பயணம் வைக்கிற டிஎம்முக்கு இது ஒன்றே போதும். எல்லா கிளாஸுக்கும் (பாத்திர வகை) சப்கிளாஸ் (அதன் உட்பிரிவு) மூன்றாம் லெவலில்தான் என்று ஆக்கியதும் நல்லதே. முன்பு கிளெரிக் ஆடுகிறவர் முதல் லெவலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், விசார்ட் இரண்டாம் லெவலில், ஃபைட்டர் மூன்றில். புதிதாக வருபவருக்கு அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வெப்பன் மாஸ்டரி விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனது. வாளோ கோடரியோ எடுத்தால் அதற்கென்று ஒரு வித்தை உண்டு என்று ஆனதில், "அடிக்கிறேன், அடுத்த ஆள்" என்று உட்கார்ந்திருந்த ஃபைட்டருக்கு வேலை வந்தது. ஆனால் டாப்பிள் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அடி பட்டதும் எதிரி விழுகிறானா இல்லையா என்று டிஎம் ஒரு சேவ் உருட்ட வேண்டும். ஒரு டர்னில் மூன்று அடி என்றால் மூன்று உருட்டல். ஐந்து பேர் ஆடும் மேசையில் சண்டை நன்றாகவே நீளும், தாம்பரத்திலிருந்து வருபவர் மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சரி, பணத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நவம்பரில் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, 2025 பிப்ரவரியில் மான்ஸ்டர் மேனுவல் என்று மூன்று புத்தகங்கள். வெளியானபோது ஒன்று 49.99 டாலர். நேராக மாற்றினாலே மூன்றும் சேர்ந்து 12,000 ரூபாயைத் தாண்டும். லஸ் கார்னர் பிளாட்பாரத்தில் பாதி விலைக்குத் தேடி எடுக்கிற சரக்கும் இல்லை இது.

வாங்குவதற்கு முன் எஸ்ஆர்டியை, அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் அடிப்படை விதித் தொகுப்பைப் பாருங்கள். 2023 ஜனவரியில், இந்த விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போட இடம் தந்த பழைய திறந்த உரிமத்தை மாற்றப்போகிறார்கள் என்ற வரைவு கசிந்து ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, 2014 விதிகளின் சாரமான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. 2024 விதிகளுக்கான 5.2, 2025இல் அதே உரிமத்தில் வந்தது. இரண்டும் இலவசம், அச்செடுப்பதும் சட்டப்படி சரி. 5.1 சுமார் 400 பக்கம். திருவல்லிக்கேணியிலோ ஏதாவது காலேஜ் வாசலிலோ ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, முன்னும் பின்னும் அடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டால், பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் ஒரிஜினல் விலையில் பத்தில் ஒரு பங்குதான். படம் இருக்காது, கிளாஸுக்கு ஒரே ஒரு சப்கிளாஸ்தான், பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற புகழ்பெற்ற பூதங்களும் கிடையாது. ஆனால் சண்டை வந்தால் மேசை நடுவில் எல்லாரும் புரட்டிப் பார்க்க ஒரே பிரதி இருக்கும், சாம்பார் சிந்தினாலும் மனது வலிக்காது.

துணைப் புத்தகங்கள் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கதைப் புத்தகம் போட்டால் ஒரு மேசைக்கு டிஎம் ஒருவர்தான் வாங்குவார். புது சப்கிளாஸ், புது ஸ்பெல் என்று போட்டால் ஐந்து பேரும் வாங்குவார்கள். எதை அதிகம் அச்சடிப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது, மூன்றே வருடத்தில் 3.5 என்று அதே மூன்று புத்தகங்களைத் திருத்தி விற்றார்கள். அதன் மேல் துணைப் புத்தகங்கள் குவிந்து, எந்த இரண்டு விதி சேர்ந்து என்ன ஆகும் என்று யாருக்கும் பிடிபடாத நிலை வந்தது. 2008இல் நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தபோது, பழசைவிட மனமில்லாதவர்கள் 3.5இன் வழிவந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்குப் போனார்கள். அது வந்தது 2009இல்.

அதனால் துணைப் புத்தகத்துக்கு நான் ஒரு பழைய வழியைத்தான் சொல்வேன். டி அண்ட் டியின் அதிகாரபூர்வப் பொது ஆட்ட அமைப்பான அட்வென்ச்சரர்ஸ் லீகில் பல வருடம் இருந்த விதி அது: பிளேயர்ஸ் ஹேண்ட்புக், கூட இன்னும் ஒரே ஒரு புத்தகம். ஒரு கேரக்டருக்கு அதற்குமேல் கிடையாது. அந்த ஒன்று 2017இல் வந்த ஸனாதர்ஸ் கைடாக இருக்கட்டும். பாதிப் புத்தகம் டிஎம்முக்கானது, கருவிகளை வைத்து என்ன செய்யலாம், சாகசத்துக்கு நடுவில் ஊரில் என்ன செய்யலாம், சட்டென்று பெயர் வைக்க அட்டவணை என்று உண்மையிலேயே பயன்படும். 2020இல் வந்த டாஷா என்ற துணைப் புத்தகத்தில் நல்ல விஷயங்கள் உண்டு, ஆனால் ட்வைலைட் கிளெரிக் என்ற சப்கிளாஸும் அதில்தான் இருக்கிறது. 30 அடிக்குள் இருக்கும் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் டர்ன் முடிவில் ஒரு டி6உடன் கிளெரிக்கின் லெவலையும் கூட்டித் தற்காலிக ஹிட் பாயின்ட் (அடியைத் தாங்கும் உயிர்ப்புள்ளி), அதுவும் ஒரு நிமிடம் முழுக்க. ஐந்தாம் லெவலில் கோப்ளின் கூட்டத்தை விட்டால் ஒருவருக்கும் கீறல் விழாது. டிஎம் அழுதுவிடுவார்.

புதுப் புத்தகம் வாங்கிய நண்பருக்குக் கை அரிக்கும், அதையும் கவனியுங்கள். ஐந்து பேரும் கூட முடியாத வாரம் எப்படியும் வரும், கார்த்திகை மாதத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். அந்த வாரம் ஆன்லைனில் அவரையே டிஎம்மாக உட்கார வைத்து, எஸ்ஆர்டி 5.2ஐ வைத்து மூன்றாம் லெவலில் ஒரு ஒன்-ஷாட் (ஒரே அமர்வில் முடியும் கதை) ஆடுங்கள். வெப்பன் மாஸ்டரியும் அதில் இருக்கிறது. இரண்டு மூன்று ஒன்-ஷாட் போனபின் பெரும்பான்மைக்குப் பிடித்தால், முதலில் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்றே ஒன்றை ஐந்து பேரும் பங்கு போட்டு வாங்குங்கள். மான்ஸ்டர் மேனுவல் கடைசியில். பழைய பூதங்கள் புது விதியிலும் அப்படியே கடிக்கும்.