ஆற்றல் சூத்திரங்களை மறக்காமல் வைத்துக்கொள்வது எப்படி?

"உயர்நிலை 3 படிக்கிறேன், ஆற்றல் சூத்திரங்கள் எல்லாம் குழம்புகின்றன, மனப்பாடம் செய்ய வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வு நெருங்கியிருக்கும். உங்கள் அம்மா இன்னும் கைத்தொலைபேசியைப் பிடுங்கவில்லை போலிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆசிரியர் இல்லை. சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வில் இயற்பியலுக்கு பி3 வாங்கியவன். உச்சத் தகுதியான ஏ1 வாங்கியவர்கள் தாராளமாகத் திருத்தலாம், சண்டைக்கு மட்டும் வரவேண்டாம்.

மனப்பாடத்தை நம்பிக் கவிழ்ந்தவன் நான். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொடும்போது என்ன வேகம் என்று ஒரு கேள்வி. ஒரு வாரம் உருப்போட்ட 'அரை எம்வி ஸ்கொயர்' (½mv², இயக்க ஆற்றல்; எம் நிறை, வி வேகம்) அன்றைக்குப் பார்த்து அரையைத் தொலைத்துவிட்டது. விடை வினாடிக்கு 10 மீட்டர் என்று வரவேண்டிய இடத்தில் எனக்கு 7.1. சிவப்பு மையில் "அரை எங்கே?" என்று எழுதியிருந்தார்கள். 1686இல் ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸும் அரை இல்லாமல் எம்வி ஸ்கொயர் என்றுதான் சொன்னார், 1829இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் வந்துதான் அரையைச் சேர்த்தார் என்று பின்னால் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மதிப்பெண் திரும்பி வரவில்லை.

அந்த அரை சும்மா ஒட்டிக்கொண்டது இல்லை. நின்ற பொருளை ஒரே விசையால் தள்ளினால் வேகம் பூஜ்யத்தில் தொடங்கி 'வி'யில் முடிகிறது, சராசரி அதில் பாதி. போன தூரம் அந்தப் பாதியால்தான் வருகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் பொருளுக்குக் கிடைத்த ஆற்றல்; பெருக்கிப் பாருங்கள், அரை தானாக வந்து உட்காரும். இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்த பிறகு நான் மறந்ததே இல்லை.

எம்ஜிஎச்சை (mgh, உயரத்தால் வரும் நிலை ஆற்றல்: நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்) எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்ட். 1, 5, 9 மாடிகளில் மட்டும் நிற்கும் பழைய லிஃப்ட். எங்கள் வீடு 7ஆம் மாடி. 10 கிலோ அரிசி மூட்டையோடு 5இல் இறங்கி ஏறுவதா, 9க்குப் போய் இறங்கி வருவதா என்று எனக்கும் அப்பாவுக்கும் எப்போதும் வாக்குவாதம். மாடிக்கு 2.8 மீட்டர் என்று வைத்தால் 7ஆம் மாடி தரையிலிருந்து சுமார் 17 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தையும் 10 என்று வைத்தால் 10 × 10 × 17, ஆக 1,700 ஜூல் (ஆற்றலின் அலகு). எந்த வழியில் கொண்டுவந்தாலும் வாசலில் இருக்கும் மூட்டைக்கு அதே 1,700தான். சூத்திரத்தில் உயரம் மட்டும்தான் இருக்கிறது, வழி இல்லை. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "சரி, இனிமே நீயே தூக்கிட்டு வா" என்றார். (இறங்கும்போதும் முட்டி வலிக்குமே என்று கேட்காதீர்கள். அது உடம்பின் கணக்கு, மூட்டையின் கணக்கு இல்லை.)

லிஃப்ட் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001இல், பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கச் செய்யும் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. புளோக்கில் இருப்பவர்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும் என்று இருந்தது. கீழ்த்தளத்து அங்கிள் ஒருவர், லிஃப்டே தேவைப்படாதவர், "எதுக்குப்பா வீண் செலவு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா முட்டி வலியோடு இறங்கிப் போய் அவர் வீட்டில் முறுக்கு கொடுத்துவிட்டு வருவார். அந்த அங்கிளுக்கும் காசு கஷ்டம் இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

கடைசியில் 7ஆம் மாடியிலும் லிஃப்ட் நின்றது. அதற்குள் நாங்கள் சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் உட்லண்ட்சுக்கு வீடு மாறியிருந்தோம்.