உருகிய உப்பில் மக்னீசியம் குளோரைட்டை அளந்தால் தேவையில்லாத உச்சங்கள் ஏன் வருகின்றன?

லிதியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டுக் கலவையை 450 பாகை செல்சியசில் உருக்கி, மக்னீசியம் குளோரைட்டைப் போட்டு சைக்கிளிக் வோல்ட்டமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைபடமாக எடுக்கும் முறை) செய்கிறீர்கள், வரைபடத்தில் இல்லாத உச்சமெல்லாம் வருகிறது, மின்வாயாக வைத்த தங்குதன் கம்பியை மாற்றியும் சரிவரவில்லை என்கிறீர்கள். கம்பியை விடுங்கள், நான் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன்.

கொழும்பில் மாரி காலத்தில் சமையலறை உப்புப் போத்தலே கசியும். லிதியம் குளோரைட்டோ காற்றின் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும், நமக்கு இங்கே எப்போதும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஒருமுறை போத்தலைச் சரியாக மூடாமல் சோறு சாப்பிடப் போய்விட்டு வந்தேன், மேல்பக்கம் கஞ்சி மாதிரி இருந்தது. அதைவிட மோசம், அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூடாக்கிக் காயவைத்தது. அப்படிச் செய்தால் தண்ணீர் முழுக்க ஆவியாகப் போகாது, ஒரு பங்கு உப்போடு தாக்கமடைந்து ஐதரசன் குளோரைட்டு வாயுவாகக் கிளம்பும், ஐதரொட்சைட்டும் ஒட்சைட்டும் உருகலிலேயே தங்கி, அந்த இல்லாத உச்சங்களைக் காட்டும். மக்னீசியம் குளோரைட்டின் நீரேற்றிய படிகம் இதில் இன்னும் கெட்டது, சூடாக்கினால் ஐதரொட்சிக்குளோரைட்டாகி, கடைசியில் மக்னீசியம் ஒட்சைட்டாக அடியில் படியும். ஆகவே நீரற்றதாகவே வாங்குங்கள். மற்ற உப்புகளை வெற்றிடத்தில், வெப்பநிலையை மெல்ல மெல்ல ஏற்றி ஒரு நாளாவது காயவைத்து, ஆகன் வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள்ளேயே எடையெடுங்கள்.

அப்புறம், மக்னீசியம் போடுமுன் வெறும் உருகலை ஒருதரம் ஓட்டிப் பார்த்தீர்களா? லிதியம் படிவதற்கும் குளோரீன் வெளிவருவதற்கும் இடையில் சுமார் 3.6 வோல்ட்டு இடைவெளி இருக்கிறது, அதற்குள் மின்னோட்டக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்க வேண்டும். அங்கேயே மேடு தெரிந்தால் மக்னீசியத்தின் மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று, போகும் உச்சத்துக்கும் திரும்பும் உச்சத்துக்கும் இடைவெளி 59 மில்லிவோல்ட்டு என்ற பாடப்புத்தகத்துக் கணக்கு அறை வெப்பநிலைக்கு உரியது. யூரோப்பியத்தின் 3+, 2+ அயன்களைப் போல இரண்டு வடிவமும் கரைந்திருக்கும் சோடிக்கே 450 பாகையில் உச்ச இடைவெளி 137 மில்லிவோல்ட்டு வரும். மக்னீசியம் உலோகமாகப் படிவதால் அந்தக் கணக்கும் பொருந்தாது, திரும்பி வரும்போது ஒட்சியேற்ற உச்சம் ஊசி மாதிரி உயர்ந்து நிற்பது இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கரண்ட் போனால் மட்டும் உடனே மின்வாய்களை உருகலிலிருந்து தூக்கிவிடுங்கள். கலவை 355 பாகையளவில் உறைந்துவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் நான் தூக்காமல் விட்டு, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு உசாத்துணை மின்வாயின் மெல்லிய கண்ணாடிக் குழாய் உறைந்த உப்புக்குள்ளேயே வெடித்தது.