பிள்ளை எழுத மாட்டேன் என்கிறதா? தமிழ் டீச்சரிடம் கேளுங்கள்

நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகள் ஆசையாக எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

கேள்வி: டீச்சர், ஐந்தாவது படிக்கும் மகன் வாய் ஓயாமல் கதை சொல்வான். நோட்டைக் கொடுத்தால் இரண்டு வரியோடு ஓடிவிடுகிறான்.

கதை இருக்கிறது, கைதான் கூட வரவில்லை. கொம்பு, கால், புள்ளி என்று யோசித்துப் போடுவதற்குள் மனதில் இருந்த அடுத்த வரி போய்விடும். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், நடுவில் "இந்த வரி மட்டும் நீ போடு" என்று கொடுங்கள். முடிந்ததும் தாத்தாவிடம் வாசித்துக் காட்டட்டும்.

கேள்வி: ர-ற, ல-ள-ழ எல்லாம் தப்பு. திருத்தாமல் விட்டால் அப்படியே பழகிவிடாதா?

திருத்தத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கே, அந்தப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் வேண்டாம். "எங்க நாய் சாகும்போது என் கைய நக்கிச்சி" என்று ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்க, நாம் ஓரத்தில் "நக்கியது என எழுதுக" என்று குறித்தால், அடுத்த முறை அது "நாய் நன்றியுள்ள விலங்கு" என்றுதான் எழுதும், பிழையே இருக்காது, படிக்கவும் ஒன்றும் இருக்காது. அவர்கள் இஷ்டத்துக்கு எழுத ஒரு தனி நோட்டு கொடுங்கள். அதில் உங்கள் பேனா படக்கூடாது. திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றை மட்டும் பிறகு வேறு இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் எழுதாமல் போனதெல்லாம் செல்போனால்தானே?

பிரிட்டனில் நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் என்ற அமைப்பு 8 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டுவருகிறது. ஓய்வு நேரத்தில் எழுதப் பிடிக்கும் என்றவர்கள் 2023-ல் 34.6 சதவீதம், 2024-ல் 28.7. போனுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் அதில் விடிய விடியத் தட்டுவதும் எழுத்துதானே? அங்கே படித்துப் பதில் போட ஒரு நண்பன் இருக்கிறான், கட்டுரை நோட்டில் மார்க் மட்டும்தான்.

கேள்வி: மகளின் டைரியை அவளுக்குத் தெரியாமல் படிக்கலாமா?

வேண்டாம். தெரிந்துவிட்டால் அப்புறம் நீங்கள் படிப்பதற்கென்றே ஒன்று எழுதி வைப்பாள்.

கேள்வி: நானும் ஆசிரியர்தான். வகுப்பில் நாற்பது பேர், போர்ஷன் முடிக்கவே நேரமில்லை.

பிரான்ஸில் செலெஸ்தேன் ஃபிரெனே என்ற கிராமத்து வாத்தியார் 1920-களில் வகுப்புக்குள்ளேயே சின்ன அச்சு இயந்திரம் வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, தாங்களே அச்சுக் கோத்து, வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் வந்தது. நமக்குக் கையெழுத்துப் பத்திரிகை போதும், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு மாற்றிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையின் சிறுவர் இதழ்களான ஊஞ்சல், தேன்சிட்டுக்கும் அனுப்பலாம்.

கேள்வி: அக்கா, நான் பத்தாவது. முன்னுரை, முடிவுரை இல்லாமல் எழுதினால் மார்க் போகுமா?

பரீட்சையில் போகும்ப்பா, குறிப்புச் சட்டகம் போட்டே எழுதிவிடு. வீட்டில் எழுதும்போது முதல் பத்தியை அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார், பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கும்.