ஃபர்னஸின் அடியில் எண்ணெய்: எங்கிருந்து ஒழுகுகிறது?

பாஸ்டன் பக்கம் பழைய வீடு வாங்கியவர் கேட்கிறார்: பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் அடியில் சிவப்பாக ஏதோ தேங்குகிறது, என்ன செய்வது?

சிவப்பு என்றால் ஃபர்னஸில் எரியும் எண்ணெய், அதாவது ஹீட்டிங் ஆயில்தான். அங்கே சாயம் கலந்துதான் விற்பார்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். எண்ணெய் குழாயோடு ஊர்ந்து வந்து தாழ்வான இடத்தில்தான் சொட்டும்.

எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். ஓடாதபோதே நனைந்தால் கசிவு டாங்கிலிருந்து பம்புக்கு எண்ணெய் வரும் பக்கத்தில். ஃபில்டர் மூடியில் கசியாமல் அடைக்கும் வளையம், அதாவது கேஸ்கெட்தான் என் முதல் சந்தேகம், அதுவும் சமீபத்தில் சர்வீஸ் நடந்திருந்தால்.

நனையவில்லையா? பேப்பரை எடுத்துவிட்டு ஃபர்னஸை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் எண்ணெயை 100 பிஎஸ்ஐ அல்லது அதற்கு மேலான அழுத்தத்தில் தள்ளும். பம்பில் உள்ள காற்றுப் போக்கும் திருகு சரியாக மூடாவிட்டால் அங்கே முத்து முத்தாகத் துளிர்க்கும். பம்பும் பர்னரும் சேரும் இடத்தில் ஈரம் என்றால் பம்பின் சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். அதற்கு டெக்னீஷியன்தான்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றவே சுற்றாதீர்கள். பிசிறு பம்புக்குள் போனால் அது தனிச் செலவு. அப்புறம், பற்றவில்லை என்று ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள், எரியறையில் எண்ணெய் தேங்கிவிடும்.