பொறுப்பு

அன்புள்ள ஐயா,

நான் எழுதிவரும் நாவல் ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. பதினோரு மாகாணங்கள் சேர்ந்த கூட்டாட்சிக் குடியரசு. அதன் 90 ஆண்டு வரலாற்றில் 15 குடியரசுத் தலைவர்கள். ஒவ்வொருவரின் பெயர், கட்சி, பிறந்த மாகாணம், பதவிக்காலம் எல்லாம் சேர்த்து 40 பக்கம் எழுதியிருக்கிறேன், இணைத்துள்ளேன். இதைப் பின்னிணைப்பாகக் கொடுப்பதா, கதைக்குள் கலந்துவிடுவதா? தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாக வைக்கலாமா? 'ஜனாதிபதி', 'அதிபர்', 'குடியரசுத் தலைவர்' இவற்றில் எந்தச் சொல் சரி? கற்பனை நாட்டைத் தமிழ் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்வதால் தயக்கமாக இருக்கிறது.

ர.

*

அன்புள்ள தம்பி,

40 பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். வேலைக்குப் போய்வந்து இரவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நேரடித் தேர்தலா மறைமுகத் தேர்தலா என்பதை உங்கள் கதையின் தேவை தீர்மானிக்கட்டும். சொல்லைப் பொறுத்தவரை, உங்கள் நாட்டு மக்கள் டீக்கடையில் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்து அதையே வையுங்கள்.

இனி விஷயம். உங்கள் பட்டியலில் 15 பேர். மூவர் இரண்டு முறை பதவி வகித்தவர்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டு. கூட்டினால் சரியாக 90. ஒருவர் இறங்கும் நாளில் அடுத்தவர் ஏறுகிறார். 90 ஆண்டில் ஒருவர்கூடப் பதவியில் சாகவில்லை, நோயில் விழவில்லை, பாதியில் விலகவில்லை. தம்பி, இது வரலாறு ஆகாது, ரயில்வே கால அட்டவணை. ரயில்கூட இப்படி ஓடுவதில்லை. ஒரு பதவியின் வரலாறு தெரிய வேண்டுமென்றால் நாற்காலி காலியாகக் கிடந்த நாட்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த நாட்களை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டீர்கள்.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடியரசுத் தலைவர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். முதலாமவர் ஜாகிர் உசேன், 1969 மே 3. துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். அவரே தலைவர் தேர்தலில் நிற்க விரும்பினார், அதற்காகப் பதவி விலக நினைத்தார். அவரும் போய்விட்டால் நாட்டுக்குத் தலைமை யார்? அரசியல் சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் நாடாளுமன்றம் வழிசெய்துகொள்ளலாம் என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950-இல், கேள்வி வந்தது 1969-இல். அந்த மே மாதமே அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள்: இருவரும் இல்லையென்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார் கிரி. மறுநாள் விலகினார். தலைமை நீதிபதி இதாயத்துல்லா 35 நாள் அந்த இடத்தில் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லி வந்தபோது வரவேற்றவர் அவர்தான். வங்கிகள் குறித்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி வந்தபோது ஒப்புதல் தந்தவரும் அவர்தான். அந்தச் சட்டம் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வழக்காக வந்தபோது விசாரித்த அமர்வில் அவர் உட்காரவில்லை.

இரண்டாமவர் ஃபக்ருதீன் அலி அகமது. நெருக்கடி நிலை அறிவிப்பில் 1975 ஜூன் 25 இரவு கையெழுத்திட்டவர். 1977 பிப்ரவரி 11 காலையில் இறந்தார். அதன்பின் ஜூலை 25 வரை துணைத் தலைவர் பி.டி. ஜாட்டிதான் பொறுப்பு. முன்பு புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்தவர். அந்த ஐந்தரை மாதத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். நெருக்கடி நிலை மார்ச் 21-ஆம் தேதி விலக்கப்பட்டது. மத்தியில் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு பதவியேற்றது. ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கும்படி புதிய அரசு சொன்னபோது ஜாட்டி உடனே கையெழுத்திடாமல் தயங்கினார், பிறகு ஏப்ரல் 30 அன்று போட்டார். கூட்டாட்சி என்று முதல் வரியிலேயே எழுதுகிறீர்களே, மத்திக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஒரு மனிதன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த அந்தப் பொழுதைவிட கூட்டாட்சியைச் சொல்ல வேறென்ன காட்சி வேண்டும்? அப்போது அந்தப் பேனா ஒரு பொறுப்புத் தலைவரின் கையில் இருந்தது.

அந்த 1977 பிப்ரவரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். சரியாகச் சொன்னால் தலைமையாசிரியர் (பொறுப்பு). முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றபின் ஆள் வரவில்லை. மூத்த ஆசிரியர் என்று அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு ஆண்டு பார்த்துக்கொண்டார். மாற்றுச் சான்றிதழ், வருகைப் பதிவேடு, மதிய உணவுக் கணக்கு, எல்லாவற்றிலும் கையெழுத்துக்குக் கீழே அந்த அடைப்புக்குறி. ரப்பர் ஸ்டாம்பில் அது இல்லை, பழைய ஸ்டாம்பு. ஒவ்வொரு முறையும் குத்திவிட்டுப் பக்கத்தில் பேனாவால் '(பொ)' என்று எழுதுவார். தலைமையாசிரியர் நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டுக்கொள்வார். ஆய்வாளர் வந்து "உட்காருங்க சார்" என்று சொன்னபோதும் நின்றுகொண்டேதான் பேசினார்.

அன்று ரேடியோவில் செய்தி வந்ததும் மணியடித்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். அலுவலக அறைச் சுவரில் காந்தி, நேரு, அவர்களுக்குப் பக்கத்தில் ஃபக்ருதீன் அலி அகமது. அப்பா பெஞ்சில் ஏறி அந்தப் படத்தைக் கழற்றினார். பின்னால் இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு புதிதுபோல வெள்ளையாக ஒரு சதுரம். படத்தைத் துணியால் துடைத்து பீரோவில் வைத்தார். பிறகு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்து யார் படம்ப்பா?" என்று கேட்டேன். "பொறுப்புல இருக்கறவங்களுக்குப் படம் உண்டான்னு தெரியலயே" என்றார். ஆணி ஜூலை வரை அப்படியே இருந்தது.

போன மாதம் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டாம்பு கிடைத்தது. ரப்பர் கல்லாக இறுகிவிட்டது. அதை மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உங்கள் கடிதம்.

அப்பா கேட்ட கேள்வி சின்னக் கேள்வியாகத் தெரியலாம். அமெரிக்காவில் அதே கேள்விக்கு எழுத்தில் பதில் வர 126 ஆண்டு ஆனது. 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரு மாதத்தில் இறந்துபோனார். அதற்குமுன் எந்த அதிபரும் பதவியில் இறந்ததில்லை. அதிபர் இறந்தால் 'அது' துணை அதிபரைச் சேரும் என்கிறது அவர்கள் சட்டம். 'அது' என்றால் எது? பதவியா, பதவியின் வேலைகள் மட்டுமா? துணை அதிபர் ஜான் டைலர் பதவியேதான் என்று முடிவுசெய்து, அதிபராகவே உறுதிமொழி எடுத்துக்கொண்டார். 'பொறுப்பு அதிபர்' என்று முகவரியிட்டு வந்த கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். எதிரிகள் அவரை 'விபத்தால் வந்தவர்' என்று கடைசிவரை கேலி செய்தார்கள். அவர் போட்ட வழியில்தான் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நடந்தார்கள். சட்டத்தில் அதை எழுதிச் சேர்த்தது 1967-இல்.

டைலர் அந்த அடைப்புக்குறியை ஏற்க மறுத்தார். அப்பா அதைத் தன் கையாலேயே நான்கு ஆண்டு எழுதினார். இந்த இருவரில் யார் உங்கள் நாட்டின் ஆறாவது தலைவர்? எட்டாவது தலைவர் இறந்த இரவில் தொலைதூர மாகாணத்தில் யார் யாரை எழுப்பினார்கள்? யாருடைய முத்திரையை மாற்ற வேண்டியிருந்தது? எதற்கும் உங்கள் 40 பக்கத்தில் பதில் இல்லை. பிறந்த மாகாணம் மட்டும் இருக்கிறது. பிறந்த இடத்தை எழுத எந்த குமாஸ்தாவாலும் முடியும், அதற்கு நாவலாசிரியர் வேண்டாம்.

கோபமாகச் சொல்லிவிட்டேன். மனம் விட்டுவிடாதீர்கள். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில், மாகாண ஆளுநரின் மனைவி விருந்தினர் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பிறகு அதையே மறுபடி எழுதும் இடம் அருமை. அதை எழுதத் தெரிந்த கை இதையும் எழுதும்.

1977 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நிரந்தரத் தலைமையாசிரியர் வந்துவிட்டார். அப்பா சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனார். ஜூலை கடைசியில் சஞ்சீவ ரெட்டியின் படத்தை அந்த ஆணியில் மாட்டியது புதியவர். படம் வெள்ளைச் சதுரத்தைவிடச் சிறியது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று அப்பா மறுநாள் பெஞ்சில் ஏறி நேராக்கியதைப் பார்த்தேன்.

பின்னிணைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். எட்டாமவர் இறக்கும் அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், வந்த அன்றே படிக்கிறேன். பட்டியலை இனி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.