போனவர்களும் வந்தவர்களும்: நெல்லைச் சீமையின் மக்கள்தொகை பற்றிச் சில கேள்விகள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. மானுடப் புவியியலைப் பல ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முக்கூடலிலிருந்து ஒரு மாணவி: ஐயா, என் ஆச்சிக்கு எட்டுப் பிள்ளைகள், அம்மாவுக்கு இரண்டு பேர். "நாமிருவர், நமக்கிருவர்" பிரசாரம்தான் இதற்குக் காரணமா?

பிரசாரத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்குதான். உலகிலேயே முதன்முதலாக, 1952-இல், தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு இந்தியா. அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் நாடு முழுவதும் சுவரில் இருந்தது. ஆனாலும் பிறப்பு விகிதம் எல்லா மாநிலங்களிலும் ஒரே வேகத்தில் குறையவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பலரைக் கட்டாயப்படுத்தியே செய்தார்கள். அந்தக் கொடுமையால் வடமாநிலங்களில் திட்டத்தின் மீதே மக்களுக்கு வெறுப்பு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில், ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990களின் தொடக்கத்திலேயே ஈடு செய்யும் அளவான, அதாவது தாய் தந்தையின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்பப் போதுமான, 2.1-க்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. இதற்கான காரணங்களை உங்கள் வீட்டிலேயே தேடலாம். ஆச்சி பெற்ற எட்டில் எத்தனை பிழைத்தன என்று கேட்டுப் பாருங்கள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் எந்தக் குடும்பமும் இரண்டோடு நிறுத்துகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் கிராமச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான். பள்ளியும் சேர்ந்துகொண்டது. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956-இல் நம் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895-லிருந்து பெண்களுக்குப் பாடம் நடத்துகிறது. பெண் படித்தாள், திருமண வயது தள்ளிப்போனது, பிள்ளைகள் குறைந்தன.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், மேலப்பாளையம் பகுதிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பீடி. மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றிய பெண்ணுக்குக் கையில் சொந்தப் பணம் வந்தது. அதைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். அந்தத் தூளை வாழ்நாளெல்லாம் மூச்சில் இழுத்தவளும் அவள்தான், இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மற்றொரு அநியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். அதைவிட எளிய அறுவை ஆணுக்கு உரியது என்பது தெரிந்திருந்தும் இந்த நிலை.

தென்காசியிலிருந்து ஒருவர்: சீனாவைப்போல் சட்டம் போட்டிருந்தால் இன்னும் விரைவாகக் குறைந்திருக்காதா?

கேரளம் 1988 வாக்கிலேயே 2.1-ஐத் தொட்டது, எந்தச் சட்டமும் அங்கே இல்லை. 1980 வாக்கில் ஒரு குழந்தைக் கொள்கையைக் கொண்டுவந்த சீனா, 2016-இல் இரண்டு குழந்தைகளுக்கும் 2021-இல் மூன்றுக்கும் அனுமதி கொடுத்தது. அப்படியும் 2022-லிருந்து அதன் மக்கள்தொகை சுருங்கி வருகிறது. பெண்ணின் உடலின்மீது அரசு அதிகாரம் செலுத்துவதை நான் ஏற்பதில்லை. கணக்காகப் பார்த்தாலும் அது தேவைப்படவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1023 பெண்கள் இருந்தார்களாமே. பெண் குழந்தைகளை நாம் போற்றுகிறோம் என்று மாணவிகளிடம் சொல்லலாமா?

கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். நாட்டின் சராசரி 943, தமிழ்நாட்டில் 996 என்றிருக்கும்போது 1023 என்பது கண்ணைக் கவரும் எண்தான். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளைத் தனியே எடுத்தால் இங்கும் பெண்கள் ஆயிரத்துக்குக் குறைவு. எனவே கூடுதலாகத் தெரியும் பெண்கள் வேறு காரணத்தால் வருகிறார்கள். பெண்கள் நீண்ட நாள் வாழ்வது ஒன்று. மற்றது, ஆண்கள் இங்கே இல்லை. சென்னையில் மளிகைக் கடையில், மும்பையில், வளைகுடாவில் இருக்கிறார்கள். 1023-இல் ஒரு பங்கு, கணவன் வெளியூரில் இருக்கும் வீடுகளின் கணக்கு. மாணவிகளிடம் இரண்டையும் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

நாங்குநேரியிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மும்பைத் தாராவியில் சொந்தம் உண்டு. இவ்வளவு தொலைவில் உள்ள ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? சும்மா கிளம்பிப் போய்விட்டார்களா?

யாரும் சும்மா கிளம்பவில்லை. தாமிரபரணிக் கரையில் இரண்டு போகம் விளையும். அதற்குத் தெற்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரியும் பனையும்தான். பனையேறிக்குப் பதநீர்க் காலம் முடிந்தால் வேலை இல்லை. ஆற்றுப் பாசனம் இருந்த இடத்திலும் நிலம் சிலர் கையிலேயே இருந்தது. கூலிக்காரருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் ஊரை விட்டுப் போவதுதான் தலைநிமிரும் வழியாகவும் இருந்தது. மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இந்தக் காரணத்தை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் கூட்டம் கூட்டமாகப் போனது இலங்கைக்கு. 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் எடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தது. 1870களில் ரயில் வந்ததும் மற்ற திசைகளும் திறந்தன. பம்பாயில் தோல் பதனிடும் தொழிலுக்கும் ஆலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஒருவர் போய்க் கால் ஊன்றினால் தம்பிக்கும் மைத்துனனுக்கும் கடிதம் வரும், படுக்க இடம் அங்கே தயாராக இருக்கும். புவியியலில் இதைச் சங்கிலித்தொடர் இடப்பெயர்வு என்கிறோம். சென்னையின் அண்ணாச்சி கடைகளும் இப்படி வந்தவைதான்: ஊர்ப் பையன் கடையிலேயே தங்கி வேலை பழகுவான், சில ஆண்டுகளில் அடுத்த தெருவில் தனிக்கடை போடுவான். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போனார்கள். 1941-லேயே அங்கே ஊர்ப்பெயரில் சங்கம் அமைத்துவிட்டார்கள்.

ராவன்ஸ்டைன் என்ற அறிஞர் 1885-இல் இடப்பெயர்வு விதிகளை எழுதினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பது அவற்றில் ஒன்று. நம் பக்கத்தில் அந்த எதிரோட்டம் கொடூரமாக வந்தது. 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. பிறந்து வளர்ந்த மலையை விட்டு, பார்த்தேயிராத "தாய்நாட்டுக்கு" அவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

நெல்லை சந்திப்பிலிருந்து ஒரு வணிகர்: இப்போது ஹோட்டல், கட்டட வேலை எல்லாவற்றிலும் வடமாநிலத்தவர்கள்தான். நம் பிள்ளைகளின் வேலையைப் பறிப்பதாகப் பலர் பேசுகிறார்கள்.

நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போட்டியிடவில்லை. பட்டம் வாங்கிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்றான நாட்டில் சித்தாள் வேலைக்கு ஆள் குறைவது இயல்பு. 1960களின் இறுதியில் பம்பாயில் சிவசேனை தென்னிந்தியரை விரட்ட முயன்றபோது, அடிவாங்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அந்த நினைவு உள்ள ஊர், பீகாரிலிருந்து வந்த பையனை ஏளனமாகப் பேசக் கூடாது. அவனுக்குச் சரியான கூலியும் படுக்க நல்ல இடமும் ரேஷனும் கிடைக்கின்றனவா என்று நீங்கள் கேளுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கீழே இறங்குவதும் இடப்பெயர்வுதானா?

ஆம், ஆனால் அவர்களாக விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுகளுக்குக் காட்டைக் குத்தகைக்கு விட்டது. அங்கே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் உருவாகின. காடு அரசுக்குத் திரும்ப வேண்டும், புலிகள் காப்பகம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு மலைக்குக் கீழே ஒரு சென்ட் நிலமும் இல்லை. 1999 ஜூலை 23-இல், அவர்களின் கூலிக்காக நடந்த ஊர்வலத்தில், தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கடன் தீராமலேயே 2024-இல் அவர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் இறங்கச் சொன்னார்கள். வீடும் தொழிலும் தராமல் இறக்குவதை மறுவாழ்வு என்று சொல்லக் கூடாது.

பெருமாள்புரத்திலிருந்து ஒருவர்: மாநகராட்சி ஆன பிறகுதான் வயல்கள் பிளாட் ஆகிவிட்டனவா?

1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் சேர்ந்து மாநகராட்சி ஆனது, வேகம் கூடியது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மும்பையிலும் வளைகுடாவிலும் சம்பாதித்தவர் ஊரில் விவசாயத்தில் போடுவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் மனை வாங்குகிறார். ஊர் வீடு பூட்டிக் கிடக்கும், கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். நகரம் வளர்வதும் கிராமம் தேய்வதும் ஒரே பணத்தின் வேலை.

நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் மூன்றும் நகருக்குள்ளேயே வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவை. அவற்றை இன்று சாக்கடையாக்கிவிட்டோம். புதிய பேருந்து நிலையம் இருப்பதே வேய்ந்தான்குளத்தில்தான். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்புப் பகுதியே நீரில் மூழ்கியது. அத்தனை மழையை எந்தக் குளமும் முழுதாகத் தாங்காதுதான். அதற்காக இருக்கும் குளங்களையும் இழப்பது அறிவுடைமை ஆகாது. மனை வாங்கும் முன் பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் வாய்க்கால் போகிறதா என்று பாருங்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஒருவர்: பிள்ளைகளைக் குறைத்ததால் நம் எம்.பி. தொகுதிகள் குறையுமா? அப்படியானால் இனி அதிகம் பெற வேண்டுமா?

தொகுதிகளை மக்கள்தொகைப்படி பங்கிடுவதால் 1967-இல் தமிழ்நாட்டுக்கு ஒருமுறை குறைந்தது: 41 தொகுதிகள் 39 ஆயின. பிறகு 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் மாநிலங்களின் இடங்களை 1971 கணக்கின்படி நிறுத்திவைத்தது. 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அரசு கேட்டபடி செய்த மாநிலத்துக்குத் தண்டனை கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு அரசியலில்தான் வழி தேட வேண்டும், பிரசவ அறையில் அல்ல. தென்கொரியா ஏராளமாகச் செலவழித்தும் 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். நம் கவலை முதியவர்களைப் பற்றியதாக இருக்கட்டும். 2011-லேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர்.

கடையத்திலிருந்து ஓர் அம்மா: 2027 கணக்கெடுப்பில் துபாயில் இருக்கும் என் மகனையும் சேர்ப்பார்களா? நானும் மருமகளும்தான் வீட்டில் இருக்கிறோம், பீடி சுற்றுகிறோம்.

இதுவரை நடந்த முறைப்படி, கணக்கெடுப்பு நடக்கும் நாள்கள் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்ப்பதில்லை அம்மா. மருமகள் பிறந்த ஊரையும் கடைசியாக இருந்த ஊரையும் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். திருமணமாகி வந்த பெண்கள்தான் இந்தியாவின் இடப்பெயர்வுக் கணக்கில் மிகப் பெரிய பகுதி. என்ன வேலை என்று கேட்கும்போது "வீட்டில் சும்மா இருக்கிறோம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பீடி சுற்றுகிறோம் என்று இருவருமே சொல்லுங்கள். எழுதியிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.